ஒரே பெஞ்சு, நான்கு பல்கலைக்கழகங்கள்

சுசீந்திரம் கோயிலின் வரலாற்றை எழுதக் கே.கே. பிள்ளை வாய்த்தார். அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைப் படித்துப் பதிப்பிக்க அ.கா. பெருமாள் வாய்த்தார். நாஞ்சில் நாட்டின் கல்லும் ஓலையும் இவ்வாறு வரலாற்றுக்குள் வந்துவிட்டன. தாள் இன்னும் வரவில்லை. குறிப்பாக ஒருவகைத் தாள்: கல்லூரி அலுவலகங்களின் இரும்பு அலமாரிகளில் ஈரத்துக்கும் கரையானுக்கும் விடப்பட்டிருக்கும் தேர்வு முடிவுப் பதிவேடுகள். நெல்லை அளந்த கணக்கை ஆவணமென்று போற்றும் நாம், மனிதரை அளந்த கணக்கை ஏனோ அவ்வாறு கருதுவதில்லை.

இக்கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றியது. அதிலும் கணிதப் பாடத்தின் மதிப்பெண்கள் எவ்வாறு பரவிக் கிடக்கின்றன, தேறியவரையும் தேறாதவரையும் பிரிக்கும் கோடு எங்கே விழுந்தது என்பதைப் பற்றியது. தமிழ் படித்தோர்க்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். தேர்வு முடிவுகளை ஆராயும் கூட்டங்களில் தமிழ்த்துறைப் பட்டியலும் கணிதத்துறைப் பட்டியலும் அடுத்தடுத்து வைக்கப்படும். நம் பட்டியலில் மதிப்பெண்கள் ஐம்பதுக்கும் எழுபதுக்கும் இடையில் வடசேரிச் சந்தைக் கூட்டம்போல நெருங்கி நிற்கும். கணிதப் பட்டியலிலோ மேலே ஒரு கூட்டம், கீழே ஒரு கூட்டம், நடுவில் வெட்டவெளி. ஆண்டுதோறும் பார்த்துப் பழகியதால் இதை இயற்கை என்றே எண்ணிவிடுகிறோம். கணிதம் சிலருக்கு வரும், சிலருக்கு வராது என்று ஒரு வாசகமும் நம்மிடம் தயாராக இருக்கிறது. அந்த வாசகத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அது அவ்வளவு மாசற்ற வரலாறும் அன்று.

*

மதிப்பெண் நம் மண்ணில் பழைய பொருளன்று. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி கற்றவனுக்கு மதிப்பெண் கிடையாது. முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. கீழ்முந்திரி அம்முந்திரியிலும் 320இல் ஒரு பங்கு, அதாவது 1,02,400இல் ஒன்று. இத்தகைய பின்னங்களின் வாய்பாடுகளைத் தடுமாறாமல் ஒப்பிக்கும்வரை மாணவன் அந்தச் சுவடியிலேயே நிற்பான். மெதுவாகக் கற்பவனுக்கு நாள் கூடுதலாகும். விரைந்து கற்றவன் சட்டாம்பிள்ளையாகிப் பிறருக்குச் சொல்லிக்கொடுப்பான். திண்ணைப் பள்ளிக் கணிதத்தைப் பற்றிச் செந்தில் பாபு 2022இல் வெளியிட்ட ஆங்கில நூல் இந்த நினைவாற்றல் மரபை விரிவாக ஆராய்கிறது.

திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. அங்கே பிரம்பும் கோதண்டமும் இருந்தன, சாதி இருந்தது, திண்ணையில் ஏறவே இயலாதவர் ஊரில் பெரும்பகுதியினர். நாம் கவனிக்க வேண்டுவது ஒன்றே. அங்கே காலம் ஆளுக்கு ஆள் மாறியது. கற்று முடிக்க வேண்டிய அளவு மாறவில்லை. இன்றைய வகுப்பறையில் காலம் அனைவர்க்கும் ஒன்று. கற்ற அளவு மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. மதிப்பெண் பரவல் என்ற ஒன்று பிறப்பதே இந்த மாற்றத்தில்தான்.

சட்டாம்பிள்ளை முறையை 1790களில் சென்னை எழும்பூர் அநாதைப் பள்ளியில் கையாண்ட ஆண்ட்ரூ பெல், அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே அது ‘மதராஸ் முறை’ என்றே பெயர் பெற்றது. இங்கிருந்து அங்கே போனது கற்பிக்கும் முறை. அங்கிருந்து இங்கே வந்தது தேர்வு.

*

அந்தத் தேர்வின் தாய்வீடுகளில் ஒன்று கேம்பிரிட்ஜ். அங்கே டிரைபாஸ் எனப்படும் கணிதத் தேர்வின் முடிவுகள் தரவரிசையாக வெளியிடப்பட்டன. முதல் வகுப்பினர் ராங்ளர். அடுத்தவர் சீனியர் ஆப்டிம். கடைசி வகுப்பினர் ஜூனியர் ஆப்டிம். முதலாமவன் சீனியர் ராங்ளர் என்று நாடறிய வாழ்ந்தான். கடைசியில் நின்றவனுக்கு உடன்பயில்வோர் ஒரு பெரிய மரக்கரண்டியைப் பட்டமளிப்பு மண்டபத்தில் பரிசளித்துக் கேலி செய்தனர். 1890இல் பிலிப்பா ஃபாசெட் என்ற பெண் முதலாமவனைவிட மிகுதியாக மதிப்பெண் பெற்றார்; ஆனால் பெண்களுக்கு வரிசையில் இடமில்லை என்பதால் ‘சீனியர் ராங்ளருக்கு மேல்’ என்று தனியாக அறிவித்தார்கள். வரிசைக்கு மேலே இருந்தும் வரிசையில் இல்லாதவர் அவர்.

இந்தத் தேர்வின் மதிப்பெண்களைப் பரவலாக எடுத்து ஆராய்ந்தவர் பிரான்சிஸ் கால்டன். 1869இல் வெளிவந்த, மேதைமை பரம்பரையாக வருவது என வாதிடும் தம் நூலில், அந்நாள்வரை மறைவாக இருந்த மதிப்பெண்களை அவர் பயன்படுத்தினார். மொத்தம் 17,000 மதிப்பெண்கள். பட்டியலின் கடைசி மாணவனுக்கு 300க்கும் குறைவு. கடைசி ராங்ளருக்கு ஏறத்தாழ 1,500. முதலாமவனுக்கு 7,500க்கும் மேல். மூவரும் ஒரே பல்கலைக்கழகம், ஒரே வினாத்தாள், ஒரே வயது. கால்டன் இதிலிருந்து ஒரு முடிவுக்குத் தாவினார்: மனிதரின் மூளைத்திறன் பிறப்பிலேயே இவ்வளவு வேறுபாடு உடையது. பின்னர் 1883இல், மேலான பிறப்புகளைப் பெருக்குவது என்னும் ‘யூஜெனிக்ஸ்’ கொள்கைக்குப் பெயரிட்டவரும் அவரே. அக்கொள்கை இருபதாம் நூற்றாண்டில் எங்கே போய் முடிந்தது என்பதை நாம் அறிவோம்.

கணிதப் பட்டியலில் தெரியும் இடைவெளியைப் பிறப்பின் இடைவெளியாகப் படிப்பது இவ்வாறு தொடங்கிற்று. பிறப்பைக் கொண்டு மனிதரைப் பிரிப்பதில் கேம்பிரிட்ஜிடம் பாடம் கேட்க வேண்டிய நிலையில் திருவிதாங்கூர் இல்லை. ஆயினும் இந்தப் புதிய வாதம் எண்களின் துணையோடு வந்தது. அதனால் அறிவியல்போலத் தோன்றியது.

*

இனி நாகர்கோவிலுக்கு வருவோம். ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியப் பாதிரியார் 1809இல் மயிலாடியில் தொடங்கிய பள்ளி, 1818இல் மீட் பாதிரியார் காலத்தில் நாகர்கோவிலுக்கு இடம்பெயர்ந்து, 1893இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இரண்டாம் நிலைக் கல்லூரியாக உயர்ந்தது. அதுவே ஸ்காட் கிறித்தவக் கல்லூரி. கோயில் தெருவில் நடக்கவும் உரிமையற்றிருந்தோர் பேரப்பிள்ளைகள் அங்கே வேளாளப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து இயற்கணிதம் எழுதினார்கள். திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேச அறிக்கை வந்தது 1936இல்தான் என்பதை நினைவில் கொண்டால், தேர்வு மண்டபம் கோயிலுக்கு முன்பே திறந்தது எனலாம். மதிப்பெண் முறையை எவ்வளவு குறை கூறினாலும் இந்த நன்றியை மறக்கக் கூடாது. விடைத்தாளில் ஊரும் சாதியும் இல்லை. எண் மட்டுமே இருந்தது.

அந்தக் கல்லூரியில் இண்டர்மீடியட் படித்தவர்களுள் ஒருவர் எஸ்.எஸ். பிள்ளை என்று கணித உலகம் அறியும் சிவசங்கரநாராயண பிள்ளை. 1901இல் குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் பிறந்தவர். குழந்தைப் பருவத்தில் தாயையும் பள்ளிப் பருவத்தில் தந்தையையும் இழந்தவர். செங்கோட்டைப் பள்ளியிலிருந்து நாகர்கோவிலுக்கும், பி.ஏ. பட்டத்துக்காகத் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரிக்கும் சென்றார். செங்கோட்டையும் அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தது. பின்னர் சென்னையில் கே. ஆனந்த ராவிடம் ஆய்வு, 1929இலிருந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி. எந்த எண்ணையும் வர்க்கங்களின் கூட்டலாக எழுத நான்கு வர்க்கங்கள் போதும் என்று லக்ராஞ்சு 1770இல் நிறுவியிருந்தார். உயர்ந்த அடுக்குகளுக்கு எத்தனை தேவை என்பது வேரிங் கேள்வி. ஆறாம் அடுக்குக்கு 73 போதும் என்று 1940இல் நிறுவியவர் பிள்ளை. 1941இல் ஓராண்டு திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, பின் கல்கத்தா சென்றார். 1950ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று, அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குச் செல்லும் வழியில், கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார்.

பிள்ளையின் பெயரைச் சொன்னால் இராமானுஜனைச் சொல்லாமல் இருக்க முடியாது. கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்து, சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்கு வந்து, 1906இலும் 1907இலும் எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர் அவர். கணிதத்தில் தேறினார், உடலியல் முதலிய பாடங்களில் தோற்றார், ஒன்றில் தோற்றால் அனைத்திலும் தோல்வி என்பது அன்றைய விதி. அதே சென்னைப் பல்கலைக்கழகம் 1913இல் விதியைத் தளர்த்தி மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை அளித்தது. அந்தத் தளர்வு இல்லாமற்போயிருந்தால் அவர் துறைமுகக் கணக்கராகவே இருந்திருப்பார்.

டிரைபாஸ் தேர்வில் நான்காம் ராங்ளராக வந்த ஹார்டி, அத்தேர்வின் தரவரிசையை வெறுத்தார். வரிசைப்படி வெளியான கடைசிப் பட்டியல் 1909இன் பட்டியல். அதன்பிறகும் ஓயாமல், 1926இல் ஆங்கிலக் கணித ஆசிரியர் சங்கத்தின் தலைமையுரையை டிரைபாஸுக்கு எதிரான வழக்காகவே அவர் நிகழ்த்தினார். ஆனால் அவருக்கும் மதிப்பெண் ஆசை விடவில்லை. கணித ஆற்றலுக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் இட்டு, தமக்கு 25, லிட்டில்வுட்டுக்கு 30, ஹில்பர்ட்டுக்கு 80, இராமானுஜனுக்கு 100 என்று வழங்கினார் என எர்டிஷ் சொன்னதைப் பெர்ன்ட் பதிவு செய்திருக்கிறார். எஃப்.ஏ. தோற்றவனுக்கு 100, நான்காம் ராங்ளருக்கு 25. எந்தப் பரவலை நம்புவது?

*

இராமானுஜன் விதிவிலக்கு; விதிவிலக்கை வைத்து விதியை அளக்க முடியாது என்று கூறுவோர் உண்டு. அவர்களுக்காக நாகர்கோவிலின் சாதாரண பெஞ்சையே மறுபடி பார்ப்போம்.

1893 முதல் அந்தப் பெஞ்சை அளந்தது சென்னைப் பல்கலைக்கழகம். 1937 நவம்பரில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியதும் அளவுகோல் திருவனந்தபுரத்துக்கு மாறியது. 1952இல் தொடங்கிய தெ.தி. இந்துக் கல்லூரியும் அதன் கீழேயே பிறந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தாய்த்தமிழகத்தோடு இணைந்தன. அளவுகோல் மீண்டும் சென்னைக்குப் போயிற்று. 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்தது. 1990இல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தது. அதன் பெயருக்குரிய சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர் என்பது இந்தக் கதைக்குப் பொருத்தமான முரண். ஸ்காட் கல்லூரி பின்னர் தன்னாட்சி பெற்று வினாத்தாளைத் தானே எடுக்கத் தொடங்கியது. ஆக, இடம் மாறாத ஒரு பெஞ்சு நான்கு பல்கலைக்கழகங்களால், ஐந்து தவணைகளில் அளக்கப்பட்டிருக்கிறது.

ஒரு குடும்பத்தில் பாட்டனார் திருவிதாங்கூர் பி.ஏ., தகப்பனார் சென்னை பி.எஸ்சி., மகள் மதுரை எம்.எஸ்சி., பேத்தி நெல்லைப் பட்டதாரி என்று அமைவது இம்மாவட்டத்தில் வியப்பன்று. நால்வரும் கணிதமே படித்திருந்தாலும், நால்வரின் மதிப்பெண்ணையும் ஒரே தட்டில் வைக்க இயலாது. பாடத்திட்டம் வேறு, வினாத்தாள் எடுத்தவர் வேறு, திருத்தியவர் வேறு, எத்தனை பேர் தேற வேண்டும் என்ற நிர்வாகத்தின் மனநிலையும் வேறு. இண்டர்மீடியட் போய்ப் பி.யு.சி. வந்தது, 1978இல் தமிழகத்தில் மேல்நிலைப் பள்ளி வந்து பி.யு.சி.யை எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு மாற்றத்திலும் கல்லூரியின் முதலாண்டுக்குள் வரும் பிள்ளையின் முன்னறிவு மாறிற்று. முதல் வகுப்பு 60, இரண்டாம் வகுப்பு 50 என்ற கோடுகள் மட்டும் கல்வெட்டுபோல அங்கேயே நின்றன. கோடு நிலையாக நின்றதால் அளவும் நிலையானது என்று எல்லோரும் நம்பினோம்.

*

திருத்துபவர் மாறினால் மதிப்பெண் மாறும் என்பதைத் தமிழாசிரியர்கள் உடனே ஒப்புக்கொள்வார்கள். கட்டுரை விடைக்கு ஒருவர் பத்துக்கு ஏழு இடுவார், மற்றவர் நான்கு. கணிதத்தில் அப்படி நேராது, அங்கே விடை ஒன்றுதானே என்பது பொது நம்பிக்கை. அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் 1913இல் இதைச் சோதித்தார்கள். ஒரே மாணவரின் வடிவகணித விடைத்தாளைப் படியெடுத்து நூற்றுக்கும் மேற்பட்ட கணித ஆசிரியர்களுக்கு அனுப்பினார்கள். நூற்றுக்கு 30க்கும் கீழே இட்டவர் இருந்தார். 90க்கு மேல் இட்டவரும் இருந்தார். முந்தைய ஆண்டு ஆங்கிலத் தாளில் அவர்கள் கண்ட வேறுபாட்டைவிட இது பெரிது. விடை தவறியபோது வழிக்கு எவ்வளவு தருவது, படம் கோணலாயிருந்தால் எவ்வளவு குறைப்பது, வேறு வழியில் நிறுவினால் ஏற்பதா என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எண்ணினர்.

அதற்கும் முன்னரே, 1888இல், எட்ஜ்வொர்த் என்ற பொருளியலறிஞர் தேர்வு மதிப்பெண்ணில் தற்செயலின் பங்கு எவ்வளவு என்று கணக்கிட முயன்றார். 1935இல் ‘தேர்வுகளைத் தேர்வு செய்தல்’ என்ற பொருளில் ஒரு நூலை ரோட்ஸுடன் சேர்ந்து வெளியிட்ட பிலிப் ஹார்டாக் நமக்கு அயலவர் அல்லர். டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் அவர்தாம். சுதந்திர இந்தியாவில் 1948-49இல் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக்குழு, ஒரேயொரு சீர்திருத்தம் சொல்லச் சொன்னால் அது தேர்வுச் சீர்திருத்தமே என்று எழுதியது. எழுதியதோடு சரி.

இதற்கு மாற்றாக வந்ததுதான் மணிவடிவ வளைகோடு. 1908இல் மிசூரிப் பல்கலைக்கழகத்தின் மாக்ஸ் மேயர், ஆசிரியருக்கு ஆசிரியர் மதிப்பெண் எவ்வளவு மாறுகிறது என்று காட்டி, குறிப்பிட்ட விழுக்காட்டினருக்கு மட்டுமே உயர்தரம் என்று விகிதம் வகுக்கும் வழியை முன்வைத்தார். எல்லா வகுப்பும் ஒரே வடிவில் பரவ வேண்டும் என்றாகிவிட்டால் ஆசிரியரின் கஞ்சத்தனமும் தாராளமும் அடிபட்டுப் போகும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: வகுப்பு முழுவதும் நன்றாகக் கற்றாலும் சிலர் கீழே தள்ளப்பட்டே ஆக வேண்டும்.

*

மணிவடிவம் இயற்கையில் எப்போது தோன்றுகிறது? ஒன்றையொன்று சாராத பல சிறு காரணங்கள் கூடும்போது. மனிதரின் உயரம் அவ்வாறே பரவுகிறது. தமிழ்த்தாளின் மதிப்பெண்ணும் ஏறக்குறைய அவ்வாறே. சங்க இலக்கியம் படிக்காதவன் இக்காலக் கவிதையில் எழுதிவிடுவான். இலக்கணத்தில் இழந்ததைக் கட்டுரையில் பிடிப்பான். இது கூட்டல் கணக்கு. ஒரு பகுதியில் பூச்சியம் வந்தாலும் மொத்தம் பூச்சியமாகாது. ஆகவே எல்லோரும் நடுவில் வந்து சேர்கிறார்கள்.

கணிதம் பெருக்கல் கணக்கு. பத்துப் படிகளில் தீரும் ஒரு கணக்கை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு படியையும் நூற்றுக்கு 99 முறை சரியாகச் செய்யும் மாணவி, பத்துப் படிகளையும் முடித்து விடை காண்பது நூற்றுக்கு 90 முறை. ஒவ்வொரு படியிலும் 95 முறை சரியாகச் செய்பவள் விடை காண்பது 60 முறை. 90 முறை சரியாகச் செய்பவள் 35 முறை. 80 முறை சரியாகச் செய்பவள் 11 முறை. படியளவில் முதலாமவளுக்கும் கடைசி மாணவிக்கும் உள்ள வேறுபாடு 99க்கும் 80க்கும் உள்ள வேறுபாடுதான். விடையளவில் அது 90க்கும் 11க்கும் உள்ள வேறுபாடாக ஊதிப் பெருகிவிடுகிறது. வழிக்கு மதிப்பெண் தருவதால் இந்த வீக்கம் ஓரளவு குறையலாம். ஆனால் ஒரு பருவத்தின் பாடம் அடுத்த பருவத்தின் படியாகும்போது மீண்டும் பெருகும். முதல் பருவத்தில் நுண்கணிதத்தில் வழுக்கியவளுக்கு மூன்றாம் பருவத்தில் வகைக்கெழுச் சமன்பாடு சுவராக நிற்கும். அரியர் அரியரைப் பெறும். பட்டியலில் மேலே ஒரு கூட்டமும் கீழே ஒரு கூட்டமும் தெரிவது இவ்வாறுதான்.

இதில் நகைமுரண் என்னவென்றால், இதற்கான கணிதத்தைத் தூண்டியவரும் கால்டன்தான். காரணங்கள் கூடாமல் பெருகினால் பரவல் மணிவடிவை இழந்து ஒருபுறம் நீண்டுவிடும் என்று 1879இல் அவர் எழுதினார். அதன் நிறுவலைச் செய்து தந்தவர் டொனால்ட் மெக்காலிஸ்டர், 1877ஆம் ஆண்டின் சீனியர் ராங்ளர். 300க்கும் 7,500க்கும் இடையிலான அந்தக் கேம்பிரிட்ஜ் இடைவெளியை விளக்கப் பரம்பரையைத் துணைக்கு அழைக்காமல், தேர்வின் அமைப்பையே முதலில் பார்த்திருக்கலாம். பத்தாண்டுகளுக்கு முன் தாம் எழுதிய நூலின் மீது அந்த வெளிச்சத்தை அவர் திருப்பவில்லை.

99க்கும் 80க்கும் உள்ள வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதற்கு நம் மாவட்டத்திலேயே பல விடைகள் உள்ளன. 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் தமிழகத்தில் முதலிடம் பெற்ற மாவட்டம் இது. அத்தகைய மாவட்டத்திலும் தமிழ்வழியில் மேல்நிலை படித்து, கல்லூரியில் முதல்முறையாக ஆங்கிலத்தில் நிறுவலை எதிர்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. விளவங்கோட்டிலிருந்து மலையாள வழியில் வருவோரும் உண்டு. கடற்கரை ஊர்களிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருவோர், முந்திரி ஆலைக்குப் போகும் தாயின் வேலையையும் வீட்டில் சேர்த்துச் செய்வோர் உண்டு. நாளொன்றுக்கு ஒரு மணிநேரப் பயிற்சி குறைவதே ஒவ்வொரு படியிலும் சில விழுக்காட்டைக் குறைக்கப் போதும். அதன்பிறகு பெருக்கல் தன் வேலையைச் செய்துகொள்ளும்.

*

மதிப்பெண் மனிதரின் விலையாக மாறிய காலத்தை நம் இலக்கியம் பதிவு செய்திருக்கிறது. கணிதம் படித்த நாஞ்சில் நாடன் 1977இல் எழுதிய முதல் நாவலுக்குத் ‘தலைகீழ் விகிதங்கள்’ என்றே பெயரிட்டார். 2002இல் ‘சொல்ல மறந்த கதை’ என்று திரைப்படமும் ஆயிற்று. அதன் சிவதாணு பட்டம் பெற்றவன், வேலை இல்லாதவன், அந்தப் பட்டத்தைக் கல்யாணச் சந்தையில் வைத்து எடைபோடுகிறது ஊர். பட்டதாரிகள் பெருகப் பெருகப் பட்டத்தின் மதிப்பு இறங்கிய எழுபதுகளின் நாஞ்சில் நாடு அது. விகிதம் தலைகீழானது ஒரு மனிதனின் வாழ்வுக்குள் நிகழ்ந்தது.

பின்னர் எதிர்த்திசையில் ஒரு வீக்கம் வந்தது. மேல்நிலைத் தேர்வில் கணிதத்துக்கு 200க்கு 200 பெறுவது ‘சென்டம்’ என்ற பெயரோடு ஒரு வழிபாடாயிற்று. பொறியியல் கட்-ஆஃப் 200இல் பாதி கணிதத்துக்கு என்பதால் ஓரிரு மதிப்பெண்ணில் ஆயிரக்கணக்கானோர் முன்பின்னாயினர். சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் சென்டம் வந்தது. எல்லோரும் உச்சியில் நிற்கும் பரவலில் உச்சி எதையும் அளப்பதில்லை. மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017இல் கைவிட்டது. கேம்பிரிட்ஜ் தரவரிசையைக் கைவிட்டு நூறாண்டு கடந்த பின்னர்.

கல்லூரிகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2014-15இல் பத்துப்புள்ளித் தரமுறையைப் பரிந்துரைத்தது. உச்சத்தில் ஓ, பின் ஏ ப்ளஸ், ஏ என்று இறங்கிப் பி, எஃப் என முடியும். இன்று பல கல்லூரிகளின் மதிப்பெண் சான்றிதழில் இரண்டு பரவல்கள் அருகருகே இருக்கின்றன. அகமதிப்பீட்டு 25இல் ஏறத்தாழ எல்லோரும் இருபதுக்கு மேல் நெருங்கி நிற்பர். புறத்தேர்வு 75இல் பழைய இரண்டு கூட்டங்களும் அப்படியே நிற்கும். முன்னது ஆசிரியரின் இரக்கம். பின்னது பாடத்தின் பெருக்கல். இரண்டையும் கூட்டி எழுத்தாக்கிவிட்டால் இரண்டும் மறைந்துவிடும். எழுத்துத்தரம் மாணவரின் கூச்சத்தை மறைக்கிறது என்பது நன்மையே. ஆனால் நாம் பார்க்க வேண்டியதையும் சேர்த்து மறைக்கிறது.

பார்க்க வேண்டியது என்ன? நடுவில் உள்ள அந்த வெட்டவெளியைத்தான். திண்ணைப் பள்ளி ஆசான், எந்த வாய்பாட்டில் பிள்ளை தடுமாறியது என்று அன்றே அறிந்தார், அங்கேயே நிறுத்தினார். இன்று நாற்பதுக்குக் கீழே விழுந்த மாணவி எந்தப் படியில் விழுந்தாள் என்பது விடைத்தாளில் மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. பதிவேட்டுக்கு வரும்போது அது ஓர் எண்ணாகிவிடுகிறது. அந்த எண்ணைக் கொண்டு அவளுக்குக் கணிதம் வராது என்று தீர்ப்பு எழுதும்போது, நாம் அறியாமலே 1869இன் நூலிலிருந்து ஒரு பக்கத்தை ஒப்பிக்கிறோம்.

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் உள்ள பழைய கல்லூரிகளின் பதிவேடுகள் இன்னும் முழுதாக அழிந்துவிடவில்லை என்று நம்புவோம். பெயர்களை மறைத்து, ஆண்டுவாரியாக, பாடவாரியாக மதிப்பெண்களை மட்டும் படியெடுத்து வைத்தால், நான்கு பல்கலைக்கழகங்களின் அளவுகோல்களையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எந்த ஆண்டில் கீழ்க்கூட்டம் சிறுத்தது, அவ்வாண்டில் வகுப்பறையில் என்ன மாறியிருந்தது என்று கேட்கலாம். கணிதத்துறை நண்பர்கள் வரைபடம் வரையட்டும். அதன் பின்னுள்ள மனிதரின் கதையை எழுதத் தமிழ்த்துறையிலிருந்து சிலர் முன்வருவர். முதலியார் ஓலைகள் ஒரு வீட்டுப் பரணில் காத்திருந்ததுபோல இவையும் காத்திருக்கின்றன. தாளுக்கு ஓலையின் ஆயுள் கிடையாது என்பதொன்றே நமக்குள்ள அவசரம்.